கெர்னல் வேலைக்கு ஆசைப்படும் மூன்றாம் ஆண்டு மாணவருக்கு

தம்பி, சி மொழி தெரியும், லினக்ஸ் ஓட்டுகிறீர்கள், ஸ்டோரேஜ் துறைக்குப் போக வேண்டும் என்கிறீர்கள். இன்னொரு சான்றிதழ் படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள். 2009-இல் லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 2.6.29 பதிப்பில் சேர்ந்த பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) கோப்பு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது பழைய பிளாக்கை, அதாவது வட்டில் தரவு இருக்கும் சிறு துண்டை, தொடாமல் புது இடத்தில் எழுதுவது அதன் வழக்கம்; இதற்கு 'காப்பி-ஆன்-ரைட்', சுருக்கமாகக் 'கௌ' (COW), என்று பெயர். அந்தப் புது இடம் எது என்று கண்டுபிடித்துக் காட்டுவதுதான் உங்கள் பயிற்சி.

ஒரு ஜிபி வெற்றுக் கோப்பை உருவாக்கி, பிடிஆர்எஃப்எஸ்ஸாக ஃபார்மேட் செய்து, லூப் முறையில், அதாவது அந்தக் கோப்பையே ஒரு வட்டு போல, மவுன்ட் செய்யுங்கள். அதில் ஒரு கோப்பில் ஒரு எம்பி அளவுக்குத் தாறுமாறான தரவை எழுதி, சிங்க் (நினைவகத்தில் இருப்பதை வட்டுக்கு அனுப்பும் கட்டளை) கொடுங்கள். பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூம் கட்டளையின் 'ஃபைண்ட்-நியூ' (புதிதாக மாறியவற்றைப் பட்டியலிடுவது) பகுதிக்கு மிகப் பெரிய எண் ஒன்றைக் கொடுத்தால், இப்போதைய ஜெனரேஷன் எண்ணை, அதாவது மாற்றங்களின் வரிசை எண்ணை, சொல்லும். குறித்து வையுங்கள். பிறகு 'டிடி' (dd) என்ற நகலெடுக்கும் கட்டளை கொண்டு, 4096 பைட் பிளாக்காக, 100-ஆவது இடத்தில் ஒரே ஒரு பிளாக்கை மாற்றுங்கள். அதில் 'நோட்ரங்க்' (notrunc, வெட்டாதே) என்ற விருப்பத்தை மறந்தால் கோப்பின் மிச்சம் வெட்டுப்பட்டுவிடும். மீண்டும் சிங்க். குறித்த எண்ணோடு ஒன்று கூட்டி ஃபைண்ட்-நியூவை ஓட்டினால், 409600 என்ற இடத்தில் 4096 பைட் நீளமுள்ள ஒற்றை வரி வரும். அதுதான் புது ஒதுக்கீடு.

சிங்க் கொடுக்காமல் பார்த்தால் எதுவும் தெரியாது. தரவை வட்டுக்கு அனுப்பும் நேரம் வரை இடமே ஒதுக்கப்படுவதில்லை. சின்னஞ்சிறு கோப்பு வைத்துச் சோதிக்காதீர்கள்: 2048 பைட் வரையுள்ளது மெட்டாடேட்டாவுக்குள்ளேயே (கோப்புகளைப் பற்றிய குறிப்புகள் இருக்கும் பகுதி) போய்விடும். ஃபைண்ட்-நியூ தரும் வரியில் 'டிஸ்க் ஸ்டார்ட்' என்று வரும் எண்ணை வட்டின் முகவரி என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது லாஜிக்கல் முகவரி, அதாவது கோப்பு முறை தனக்குள் வைத்துக்கொள்ளும் முகவரி. அதை வட்டின் இடத்தோடு பொருத்தும் 'சங்க் ட்ரீ' அட்டவணை வழியாகத்தான் உண்மையான இடம் கிடைக்கும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. மாற்றிய 4 கேபியின் பழைய இடம் காலியாகாது. அதன் இரு பக்கமும் கோப்பு இன்னும் பயன்படுத்துவதால், பழைய எக்ஸ்டென்ட் (ஒரே தொடராக ஒதுக்கிய இடம்) முழுதாகவே பிடிபட்டிருக்கும். நேர்காணலில் இதை விளக்கத் தெரிந்தவரை யாரும் லேசில் விடமாட்டார்கள்.

அடுத்து, கெர்னலில் 'சிட்ரீ.சி' (ctree.c) கோப்பைத் திறந்து, 'ஷுட் கௌ பிளாக்' (should_cow_block) செயற்கூறைப் படியுங்கள். மெட்டாடேட்டா பிளாக்கின் ஜெனரேஷன் நடப்பு டிரான்சாக்‌ஷனுடையதாக (ஒன்றாகச் சேர்த்து வட்டுக்கு எழுதும் மாற்றங்களின் தொகுப்பு) இருந்து, இன்னும் வட்டுக்குப் போகவில்லை என்றால், பொதுவாக மறுநகல் எடுக்க மாட்டார்கள். ஏன் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்.