மாத்திரையை நிறுத்தாமலே பல் பிடுங்கலாமா?

கேள்வி: ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் போன்றவை) பழக்கத்திலிருந்து மீள, நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின்-நலாக்ஸோன் தினமும் காலையில் 8 மி.கி. எடுக்கிறேன். அடுத்த வாரம் கடைவாய்ப் பல் பிடுங்கப் போகிறார்கள். இதை எடுத்தால் வலி மாத்திரை எதுவும் கேட்காது என்கிறார்களே, மூன்று நாள் முன்பே நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் விலகல் அறிகுறிகள் (மருந்து நின்றதால் வரும் உடல் உபாதைகள்) தொடங்கும், வலி இன்னும் கூடுதலாகத் தெரியும், பழைய பழக்கத்துக்குத் திரும்பும் ஆபத்தும் அப்போதுதான் அதிகம். "எதுவும் கேட்காது" என்பதும் தவறு. புப்ரெனார்ஃபின் பிடித்து வைத்திருப்பது ஓபியாய்டு ஏற்பிகளை (அந்த மருந்துகள் உடலில் போய் ஒட்டும் இடங்களை) மட்டுமே. மரத்துப்போக ஈறில் போடும் லிக்னோகைன், பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் எல்லாம் வேறு வழியில் வேலை செய்பவை.

புப்ரெனார்ஃபினே ஒரு வலி மருந்துதான். ஒரு வேளை மருந்து விலகல் அறிகுறிகளை ஒரு நாளுக்குத் தடுக்கும். வலியைத் தணிப்பதோ 6 முதல் 8 மணி நேரம்தான். அதனால் அதே 8 மி.கி.யை 2 மி.கி. வீதம் நான்கு வேளையாகப் பிரிக்கலாமா என்று மருந்து எழுதித்தரும் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

பல் எடுத்தபின் மரப்பு விடுவதற்கு முன்பே பாராசிட்டமால் 1 கிராம், ஐபுபுரோஃபென் 400 மி.கி. இரண்டையும் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். தேவைப்பட்டால் 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் பாதிப்போ குடிப்பழக்கமோ இருந்தால் 2 கிராமே எல்லை. சளி மாத்திரைக்குள் ஒளிந்திருக்கும் பாராசிட்டமாலையும் கணக்கில் சேருங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ ஐபுபுரோஃபென் வேண்டாம்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மாத்திரை கரைந்ததும் பல்லைக் காக்க வாயில் தண்ணீர் விட்டு அலசச் சொல்வார்கள். பல் எடுத்த முதல் 24 மணி நேரம் வேகமாகக் கொப்பளித்துத் துப்பினால் குழியில் உறைந்த இரத்தக்கட்டி பெயர்ந்து, எலும்பு வெளியே தெரிந்து கடும் வலி வரும். ஆகவே தண்ணீரை மெல்லச் சுழற்றி விழுங்கிவிடுங்கள்.

டிரமடால் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையை எழுதினால் ஒருமுறை யோசிக்கச் சொல்லுங்கள். புப்ரெனார்ஃபின் இருக்கும்போது அது சரியாக வேலை செய்யாது, அளவு கூடினால் வலிப்பு வரலாம். தூக்கத்துக்கு அல்பிரசோலம், அதோடு கொஞ்சம் மது என்பது மூச்சையே அடக்கிவிடும் சேர்க்கை.

கேள்வி: ஓபியாய்டு பழக்கத்துக்கு நான் எடுப்பது மெத்தடோன் என்ற வேறு மருந்து. இதே பதில்தானா?

பதில்: பெரும்பாலும் ஆமாம், வழக்கமான வேளையைத் தவறவிடக் கூடாது. ஆனால் பென்டசோசின், பியூட்டர்ஃபனால் என்ற வலி ஊசிகளை மறுத்துவிடுங்கள். மெத்தடோனை ஏற்பியிலிருந்து தள்ளிவிடுவதால் சில நிமிடங்களிலேயே வாந்தி, பேதி, உடம்பு முறுக்கல் தொடங்கும். சில ஆன்டிபயாட்டிக்குகள், குறிப்பாக எரித்ரோமைசின், மெத்தடோனுடன் சேர்ந்தால் இதயத்துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். பல் மருத்துவரிடம் மெத்தடோன் பெயரையும் அளவையும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.