பிஎன்பி ரிப்போர்ட்: பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களின் கேள்விகளுக்குப் பதில்

நான் ஆய்வகத்துக்காரன். பிஎன்பி என்பது இதயத் தசை இழுபடும்போது ரத்தத்தில் ஏறும் ஒரு ஹார்மோன்; என்டி-ப்ரோபிஎன்பி அதனோடு சேர்ந்து வரும் துண்டு. அந்த எண் என்ன சொல்கிறது என்று நான் சொல்லலாம். மருந்தை முடிவு செய்வது உங்கள் இதய மருத்துவர்தான்.

கேள்வி: சார், பாப்பா பிறந்து மூன்று நாள். இதயக் கீழறைச் சுவரில் ஓட்டை என்கிறார்கள். என்டி-ப்ரோபிஎன்பி 4,200. ரிப்போர்ட்டில் 125க்குள் இருக்கணும் என்று போட்டிருக்கிறது. கை கால் ஓடவில்லை.

பதில்: அம்மா, அந்த 125 பெரியவர்களுக்கானது. பச்சிளம் குழந்தையின் ரிப்போர்ட்டிலும் அதையே அச்சடித்து, பக்கத்தில் நட்சத்திரக் குறியும் போட்டுப் பெற்றவர்களைக் கதிகலங்க வைப்பது எங்கள் துறையின் கெட்ட பழக்கம். இதயக் கோளாறே இல்லாத குழந்தைக்கும் முதல் ஓரிரு நாளில் இது ஆயிரக்கணக்கில் இருக்கும். 10,000ஐத் தாண்டுவதும் உண்டு. தொப்புள்கொடி போய், நுரையீரல் விரிந்து, இதயத்தின் சுமை ஒரே நாளில் மாறுகிறது. அப்புறம் வேகமாக இறங்கிவிடும்.

உங்கள் பாப்பாவுக்குக் கவனிக்க வேண்டிய காலம் இனிமேல்தான். அடுத்த சில வாரங்களில் நுரையீரல் ரத்தக்குழாய்களின் அழுத்தம் குறையக் குறைய, ஓட்டை வழியாக நுரையீரலுக்குப் போகும் ரத்தம் கூடும். இடப்பக்க இதயம் திணறலாம். இறங்க வேண்டிய எண் அப்போது ஏறினால் அதற்கு அர்த்தம் உண்டு. பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, இரண்டு வாய் குடித்துவிட்டு இளைப்பது, எடை ஏறாமல் நிற்பது, இதில் எதைப் பார்த்தாலும் அடுத்த ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பிஎன்பி, என்டி-ப்ரோபிஎன்பி இரண்டும் ஒன்றுதானே?

பதில்: தாய் ஒன்று, பிள்ளைகள் இரண்டு. இதயத் தசை இழுபடும்போது 108 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அது உடைந்து, 32 அமிலம் உள்ள பிஎன்பி ஹார்மோனாக வேலை செய்கிறது: சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் வெளியேற்ற வைக்கிறது, ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. மிச்சமுள்ள 76 அமிலத் துண்டுதான் என்டி-ப்ரோபிஎன்பி. அதற்கு வேலை கிடையாது, ஆனால் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒப்பிடவே கூடாது.

கேள்வி: எனக்கு 29 வயது. சிறு வயதில் ஃபாலோ டெட்ராலஜிக்கு (கீழறைச் சுவரில் ஓட்டையும் நுரையீரலுக்குப் போகும் வழியில் அடைப்பும் சேர்ந்த பிறவிக் கோளாறு) ஆபரேஷன். இரண்டு வருடம் முன்பு என்டி-ப்ரோபிஎன்பி 96, இப்போது 240. எக்கோ (இதய ஸ்கேன்) "பழையபடிதான்" என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் தம்பி. முதலில் இரண்டு ரிப்போர்ட்டிலும் அலகு ஒன்றுதானா என்று பாருங்கள். பிகோமோல் கணக்கில் இருந்தால் சுமார் 8.5 ஆல் பெருக்கினால் பிகோகிராம் வரும். அலகு ஒன்றே என்றால், இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதை அன்றாட ஏற்ற இறக்கம் என்று தள்ளிவிட முடியாது. உங்கள் வகையில் பெரும்பாலும் நுரையீரல் வால்வு கசிந்து வலது கீழறை மெதுவாக விரியும். அதை எக்கோ சரியாக அளப்பது கடினம், எம்ஆர்ஐதான் நம்பகமானது. படபடப்பு உண்டா என்றும் சொல்லுங்கள், ஏனென்றால் மேலறைத் துடிப்புக் கோளாறும் இந்த எண்ணை ஏற்றும். கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் மந்தமானாலும் ஏறும்.

கேள்வி: ஃபான்டன் ஆபரேஷன் ஆன மகனுக்குக் கால் வீக்கம். பிஎன்பி நார்மல். அப்படியென்றால் இதயம் காரணம் இல்லையா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. ஃபான்டன் என்பது ஒரே ஒரு கீழறை மட்டும் சரியாக வேலை செய்பவர்களுக்குச் செய்யும் ஆபரேஷன். அதில் உடலிலிருந்து திரும்பும் சிரை ரத்தம் பம்ப் இல்லாமலே நுரையீரலுக்குப் போகிறது. சிரை அழுத்தம் ஏறினாலும் கீழறை இழுபடாமல் இருக்கலாம். அப்போது பிஎன்பி சும்மா இருக்கும். ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்), கல்லீரல், மலத்தில் புரத இழப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சீக்கிரம் காட்டுங்கள்.

கேள்வி: சாகுபிட்ரில் (இதயச் செயலிழப்புக்கான மருந்து) கலந்த மாத்திரை எடுக்கிறேன். எதைச் சோதிப்பது?

பதில்: என்டி-ப்ரோபிஎன்பி. அந்த மருந்து பிஎன்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால், பிஎன்பி வீணாக ஏறித் தெரியும்.

கேள்வி: வெறும் வயிற்றில் போகணுமா?

பதில்: வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போங்கள். மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்ததும் கையை நீட்டாமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கொடுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். முடிந்தவரை அதே ஆய்வகத்திலேயே பாருங்கள்.