பின்புறம் திறந்த ஹெட்ஃபோன்: மாற்றலாமா?

கேள்வி: சென்ஹைசர் எச்டி 599 ஹெட்ஃபோனில் வீணை இசை கேட்டு வருகிறேன். எச்டி 600-க்கு மாறினால் வேறுபாடு தெரியுமா?
– வாசகர், காட்பாடி

பதில்: தெரியும், ஆனால், கைப்பேசியில் நேரடியாகச் செருகினால் அவ்வளவாகத் தெரியாது. தங்களிடம் உள்ளதன் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) 50 ஓம். 1997-இல் வெளிவந்த எச்டி 600-க்கோ 300 ஓம் என்பதால், போதிய மின்னழுத்தம் தரும் ஆம்ப்ளிஃபயருக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். அப்போது தந்தியில் விரல் உரசும் நுண்ணொலியும் கமகத்தின் நெளிவும் துலக்கமாகக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) எழுப்பும் தாழ்ந்த ஒலி மட்டும் சற்று மெலிந்தே இருக்கும் என்பது என் கருத்து. வேலூர்க் கோடையில் மின்விசிறியை நிறுத்த இயலாது. இவ்விரண்டு ஹெட்ஃபோன்களிலும் பின்புறம் அடைக்கப்படாத திறந்த கூடு அதன் இரைச்சலை அப்படியே உள்ளே விட்டுவிடும். நண்பரிடம் இரவல் வாங்கி, இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஏனெனில், சற்று உரக்க ஒலிப்பதே மேலானதாகத் தோன்றிவிடும்.