லிஸ்ட் இருந்தும் கடைக்கு ஏன் இரண்டு நடை?

கேள்வி: லிஸ்ட் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். இருந்தும் ஒரு மணி நேரம் சுற்றுகிறேன். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். போன வார லிஸ்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: லிஸ்டை அனுப்பியதால் என் வேலை சுலபமாகிவிட்டது. “பால், குளியல் சோப்பு, வெங்காயம், முட்டை, பற்பசை, தயிர், அரிசி, தக்காளி, துணி சோப்பு” என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாபகம் வந்த வரிசை அது. இதை மேலிருந்து கீழாகப் பின்பற்றினால் பாலுக்காகக் குளிர்பெட்டிப் பக்கம், சோப்புக்கு இன்னொரு கோடி, வெங்காயத்துக்குக் காய்கறிப் பகுதி, தயிருக்கு மறுபடியும் குளிர்பெட்டி என்று அலைய வேண்டியதுதான். ஒரு மணி நேரம் ஆகாமல் என்ன செய்யும்?

அதே ஒன்பது பொருளை இப்படி எழுதிப் பாருங்கள்:

துணி சோப்பு, குளியல் சோப்பு, பற்பசை
அரிசி
வெங்காயம், தக்காளி
முட்டை
பால், தயிர்

ஒரு பகுதிக்கு ஒரு வரி. ஒரு வரி முடிந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம். உங்கள் கடையில் எது முதலில் வருகிறதோ அதற்கேற்ப வரிகளை மேலே கீழே மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கனமானதும் கெட்டியானதும் முதலில், அப்போதுதான் அவை டிராலியின் அடியில் போகும், தக்காளி நசுங்காது. குளிர்ந்தவை கடைசியில். பால், இறைச்சி போன்றவை வெளி வெப்பத்தில் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். கடையில் சுற்றும் நேரம், பில் போடக் காத்திருக்கும் நேரம், வீடு திரும்பும் நேரம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

இந்த அலைச்சலே கொஞ்சம் புதிய விஷயம்தான். 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் ‘பிக்லி விக்லி’ என்ற சுயசேவைக் கடையைத் திறந்தார். அதுவரை மளிகைக் கடை என்றால் லிஸ்டைக் கடைக்காரரிடம் நீட்டுவதுதான், எடுத்துக் கட்டிக் கொடுப்பது அவர் பாடு. எந்த வரிசையில் எழுதியிருந்தாலும் எந்தப் பொருள் எங்கே என்பது அவருக்குத் தெரியும். இப்போது நடப்பது நாம், ஆகவே வரிசையும் நம் பொறுப்பு.

விட்டுப்போவது வேறு கதை. பெரும்பாலும் அந்தப் பொருள் லிஸ்டிலேயே ஏறியிருக்காது. கிளம்பும் நேரத்தில் உட்கார்ந்து யோசித்து எழுதினால் இப்படித்தான் ஆகும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளும் பேனாவும் தொங்கட்டும். கடைசிப் பாக்கெட்டைப் பிரிக்கும்போதே அதன் பெயர் தாளில் ஏற வேண்டும். தீர்ந்த பிறகு எழுதலாம் என்று விட்டால், அதற்காகவே ஒரு நடை போக வேண்டிவரும்.

கேள்வி: லிஸ்டில் உள்ளதை மட்டும்தான் வாங்குகிறேன் என்று சத்தியமே செய்வேன். ஆனாலும் மாதா மாதம் பட்ஜெட் மீறுகிறது. எதைக் குறைப்பது?

பதில்: குறைப்பதற்கு முன் ஒரு கேள்வி. லிஸ்டில் “எண்ணெய்” என்று எழுதுகிறீர்களா, “எண்ணெய் 1 லிட்டர்” என்று எழுதுகிறீர்களா? வெறும் பெயராக இருந்தால் எவ்வளவு வாங்குவது என்பதைக் கடையில் நின்று முடிவுசெய்கிறீர்கள் என்று அர்த்தம். அங்கே பெரிய பாக்கெட் கண்ணுக்கு நேரான தட்டில் இருக்கும், “இது சேமிப்பு” என்று ஒரு அட்டையும் தொங்கும்.

எனவே பெயருக்குப் பக்கத்தில் அளவு, அளவுக்குப் பக்கத்தில் உத்தேச விலை. விலைக்குப் பழைய பில்கள் இரண்டு மூன்று போதும். வீட்டிலேயே கூட்டிப் பாருங்கள். தொகை பட்ஜெட்டைத் தாண்டினால் அடிக்க வேண்டியதை அங்கேயே அடித்துவிடலாம். பில் போடும் இடத்தில், பின்னால் வரிசை நிற்கும்போது எதையும் எடுத்து வைக்க மனம் வராது. அடிப்பதற்கு வசதியாக, அடுத்த முறை வரை காத்திருக்கக்கூடிய பொருள்களுக்கு முன்னால் ஒரு புள்ளி வையுங்கள். விலை ஏறியிருக்கலாம் என்பதால் உத்தேசத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போட்டுக்கொள்வது நல்லது.

அளவை முடிவுசெய்ய அலமாரியைத் திறந்து பார்ப்பதைத் தவிர குறுக்குவழி கிடையாது. வாரத்துக்கு எழுதும்போது 7 நாள் சமையலுக்கும் எழுதாமல் 5 நாளுக்கு எழுதச் சொல்வேன். மிஞ்சியதைச் சாப்பிடும் நாள், வெளியே சாப்பிடும் நாள் என்று ஏதாவது வரத்தான் செய்யும். அந்த 2 நாள் காய்கறிதான் பெரும்பாலும் வாடிக் குப்பைக்குப் போகிறது.

பெரிய பாக்கெட் மலிவா என்பதைக் கணக்கு சொல்லட்டும். 500 கிராம் 60, 800 கிராம் 100 என்று வைத்துக்கொள்வோம். 100 கிராமுக்குச் சின்னதில் 12, பெரியதில் 12.50. இங்கே சின்னதுதான் மலிவு! எப்போதும் இப்படி இருக்காது. பெரியது மலிவாக இருப்பதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் கிலோவுக்கும் லிட்டருக்கும் என்ன விலை என்று கடையே எழுதிவைக்க வேண்டும் என 1998-லேயே விதி கொண்டுவந்தார்கள். அப்படி எழுதாத கடையில் உங்கள் போனில் கால்குலேட்டர் இருக்கிறது.

கேள்வி: ஆஃபர் வந்தால் லிஸ்டில் இல்லாததையும் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், வீட்டில் வழக்கமாகத் தீரும் பொருளாக இருந்தால். கூடவே ஆஃபரைச் சதவீதமாக மாற்றிப் பாருங்கள். “2 வாங்கினால் 1 இலவசம்” என்பது ஒரே விலையுள்ள பொருளில் 33 சதவீதத் தள்ளுபடி. “இரண்டாவது பாதி விலை” என்பது கேட்கப் பெரிதாக இருக்கும், உண்மையில் 25 சதவீதம்தான். அதுவும் இரண்டாவது உங்களுக்குத் தேவைப்பட்டால்.

பிறகு தேதி. “இந்தத் தேதிக்குள் பயன்படுத்தினால் சிறப்பு” என்றால் அது தரத்தைப் பற்றியது. சரியாக வைத்திருந்தால் நாள் தாண்டியதும் விஷமாகிவிடாது, சுவையும் மணமும் குறையலாம். “இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்” என்று கண்டிப்பாகப் போட்டிருந்தால் அது பாதுகாப்பைப் பற்றியது, அதைத் தாண்டக் கூடாது. இரண்டாவது வகைப் பொருளில் ஆஃபர் என்றால் அந்த நாளுக்குள் தீர்க்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். ஆஃபருக்கென்று லிஸ்டின் அடியில் ஒரு சின்னத் தொகையை ஒதுக்கிவிட்டால் மனப்போராட்டமும் மிச்சம்.

கேள்வி: செயலி நல்லதா, தாள் நல்லதா?

பதில்: வீட்டில் இரண்டு மூன்று பேர் எழுதுவதாக இருந்தால் எல்லோரும் திறக்கக்கூடிய செயலி. ஒருவரே எழுதி ஒருவரே வாங்கினால் தாள் போதும். கடைக்குள் போனைத் திறந்து வேறு எதையோ பார்த்துக்கொண்டு நிற்பவர் என்றால் தாள்தான்.

கேள்வி: என் கணவரிடம் லிஸ்ட் கொடுத்தால் பாதிப் பொருள் தப்பாக வருகிறது, இல்லாவிட்டால் கடையிலிருந்து ஆறு தடவை போன் வருகிறது. எது தேவலை என்றே தெரியவில்லை.

பதில்: போன் வருவதே தேவலை, கேட்டாவது வாங்குகிறார்! ஆனால் கேட்க வேண்டிய நிலை ஏன் வருகிறது? நீங்கள் எழுதுவது நீங்கள் வாங்குவதற்கான லிஸ்ட். “டீத்தூள்” என்று எழுதியதும் உங்களுக்குப் பச்சை நிறப் பாக்கெட் கண்ணில் வந்துவிடும். அவருக்குப் பத்து வகை டீத்தூள் தெரியும். “டீத்தூள், பச்சைப் பாக்கெட், 250 கிராம், 1” என்று எழுதுங்கள். கடைசியாக உள்ள 1 முக்கியம், இல்லாவிட்டால் மூன்று வந்து சேரும். காலிப் பாக்கெட்டைப் படமெடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.

அது இல்லாவிட்டால் என்ன என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: “இல்லை என்றால் எந்த டீத்தூளும் சரி” அல்லது “இல்லை என்றால் வேண்டாம்.” போன் வருவது பெரும்பாலும் இந்த ஒரு வரி இல்லாததால்தான். காய்கறிக்கு “தக்காளி நல்லதா பார்த்து” என்று எழுதிப் பயனில்லை. “கெட்டியாக, ஒரு கிலோ, நாளைக்கும் வைத்திருக்க வேண்டும்” என்றால் அவரே பார்த்து எடுத்துவிடுவார். இரண்டு முறை இப்படிப் போய்வந்தால், அடுத்த லிஸ்டை அவரையே எழுதச் சொல்லிப் பாருங்கள்.