ஆய்வுகூடத்து யன்னல்: ‘எச்’ போட்டு வந்த ரிப்போட்

(இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புற்றுநோய்ச் சோதனைகள் பற்றியவை. நான் டொக்டர் இல்லை, ஓய்வுபெற்ற எம்.எல்.ரி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்). லாப்பில் கண்டதையும் படித்ததையும் சொல்கிறேன், மருந்து விசயத்தை உங்கள் கிளினிக்கில் கேளுங்கள்.)

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. இரண்டு மாதமாக வயிறு ஊதின மாதிரி இருக்கிறது என்றா. வவுனியாவில் ஒரு லாப்பில் ‘புல் செக்கப்’ செய்தோம். சீ.ஏ. 125 என்ற ஒன்று 61 வந்து, பக்கத்தில் ‘எச்’ போட்டிருக்கிறது. தம்பி போனில் தேடிப் பார்த்துவிட்டு சூலகப் புற்றுநோய் என்கிறான். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. கிளினிக் திகதி அடுத்த மாதம்தான்.
— ஒரு மகள், பரந்தன்

பதில்: தங்கச்சி, முதலில் தம்பியிடம் இருந்து போனை வாங்கி வையுங்கள். ‘எச்’ என்றால் ‘ஹை’, கூட என்று மட்டும்தான் அர்த்தம். அதை மெசின் தானாகவே போடும், 36 வந்தாலும் போடும், 3,600 வந்தாலும் போடும்.

சீ.ஏ. 125 என்பது இரத்தத்தில் இருக்கிற ஒரு புரதம், அளவு 35ஐத் தாண்டினால் ‘எச்’ விழும். 35 என்ற அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரொபர்ட் பாஸ்ட் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும், சூலகப் புற்றுக் கலத்தில் போய் ஒட்டக்கூடிய ஒரு பிறபொருளெதிரியைத் தேடி ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போனார்கள். 125ஆவது சரிவந்தது, பெயரில் இருக்கிற 125 அதுதான். (போன மாதம் ஒருவர் ‘எனக்கு 125 வந்திட்டுது’ என்று அழாக்குறையாக எழுதியிருந்தார். அது சோதனையின் பெயர் ஐயா, உங்கள் அளவு 11.) பிறகு சுகமாக இருக்கிறவர்களின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள், அவர்களிலும் நூற்றுக்கு ஒருவர் அளவில் 35ஐத் தாண்டியிருந்தார்கள். ஒரு வருத்தமும் இல்லாத ஆட்களிலும் சிலருக்கு ‘எச்’ விழும் என்று தெரிந்துகொண்டே போட்ட கோடு அது.

இந்தப் புரதம் புற்றுக் கட்டியில் இருந்து மட்டும் வருவதும் இல்லை. வயிற்றுக்குள் இருக்கிற மெல்லிய சவ்வு எரிச்சல்பட்டாலே கூடும். மாதவிடாய் நாட்கள், கர்ப்பத்தின் முதல் மாதங்கள், பைப்ரொயிட் (கருப்பையில் வருகிற புற்றில்லாத கட்டி), எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்படலம் போன்ற இழையம் வெளியே வளர்வது), ஈரல் பழுதாகி வயிற்றில் நீர் கட்டுவது, இதயம் பலவீனப்படுவது எல்லாம் இதைக் கூட்டும். வயிற்றுக் காசநோயில் நூற்றுக்கணக்கில் ஏறி, சூலகப் புற்றுநோய் போலவே ஏமாற்றும். பிரித்தானியாவில் 2001 முதல் 2005 வரை இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு வருடா வருடம் இந்த இரத்தச் சோதனையைச் செய்து பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது: சூலகப் புற்றுநோயால் செத்தவர்களின் தொகை குறையவில்லை. அப்படிப்பட்ட சோதனையை ‘பக்கேஜ்’ என்று கண்டவர்களுக்கும் செய்து காசு வாங்குவது எனக்குப் பிடிக்காத வேலை, அதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று, எனக்கு 61ஐ விட அம்மாவின் வயிறு ஊதினதுதான் யோசனை. ஐம்பது தாண்டின பெண்ணுக்கு இரண்டு மாதமாக அப்படி இருந்தால், இரத்தம் என்ன சொன்னாலும் ஸ்கான் செய்யத்தான் வேண்டும். கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் நாளைக்கே ஓ.பி.டி.க்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை நாளாக ஊதல், சாப்பாடு கொஞ்சத்திலேயே வயிறு நிரம்புகிறதா, அடிக்கடி சிறுநீர் போகிறாவா, இவற்றைச் சொல்லுங்கள். ரிப்போட்டை அதற்குப் பிறகு காட்டுங்கள்.

கேள்வி: மார்பில் கட்டி, ஊசியால் துண்டு எடுத்தார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு ‘புற்றுநோய்தான், ஆனால் இன்னொரு ரிப்போட் வரவேண்டும், பிறகுதான் மருந்து’ என்கிறார்கள். தெரிந்துவிட்டதே, ஏன் இன்னும் இழுக்கிறார்கள்?
— ஆசிரியை, மாங்குளம்

பதில்: கோபம் நியாயம்தான் ரீச்சர். அந்தத் துண்டு என்ன பாடு படுகிறது என்று சொல்கிறேன், என் அரைவாசி வாழ்க்கை அதோடுதான் போனது.

முதலில் போமலினில் (இழையம் அழுகாமல் காக்கிற திரவம்) ஊற வேண்டும், 6 மணித்தியாலத்துக்குக் குறையவும் கூடாது, 72ஐத் தாண்டவும் கூடாது. பிறகு இரவு முழுக்க அற்ககோல், சைலீன், உருகின மெழுகு. காலையில் பார்த்தால் தீப்பெட்டியை விடச் சின்ன ஒரு மெழுகுக் கட்டிக்குள் உங்கள் இழையம் வெள்ளையாக, நூல் மாதிரிக் கிடக்கும். அதை மெசினில் 3, 4 மைக்ரோன் தடிப்பில் சீவ வேண்டும், தலைமயிரின் இருபதில் ஒரு பங்கு என்று வையுங்கள். சீவினது வெங்காயச் சருகு போலச் சுருளும், மூச்சு விட்டாலே பறக்கும், மெதுவாக எடுத்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் விரியும், அப்போது கண்ணாடித் தட்டால் கோலி எடுப்போம். நீலமும் ரோசாவும் ஏற்றிப் பார்த்து நோயியல் நிபுணர் சொன்னதுதான் உங்கள் முதல் ரிப்போட்.

அது என்ன நோய் என்று சொல்கிறது. எந்த மருந்து கேட்கும் என்று சொல்ல அதே மெழுகுக் கட்டியில் இருந்து இன்னும் சில சீவல் எடுத்து ஈ.ஆர்., பி.ஆர். (ஹோர்மோன் வந்து ஒட்டுகிற புரதங்கள்), ஹேர்-2 (கலத்தை வளரத் தூண்டுகிற புரதம்) என்ற மூன்றையும் தேட வேண்டும். சாயம் ஏற்றினால், தேடுகிற பொருள் இருக்கிற இடம் மண்ணிறமாக மாறும். ஈ.ஆர். நூறு புற்றுக் கலங்களில் ஒன்றின் கருவில் தெரிந்தாலே அது இருக்கிறது என்றுதான் கணக்கு, ஹோர்மோன் குளிசைக்கு வழி உண்டு. ஹேர்-2 மூன்று பிளஸ் (சாயம் கடுமையாகப் பிடித்தது) என்றால் 1998இல் வந்த ட்ராஸ்டுசுமாப் போன்ற ஊசிகள். இரண்டு பிளஸ் என்றால் அதுவும் இல்லை இதுவும் இல்லை, ஜீனையே எண்ணிப் பார்க்கிற இன்னொரு சோதனை. இந்தச் சாயம் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லாததால் மெழுகுக் கட்டி பயணம் போய்த்தான் வர வேண்டும். அவசரப்பட்டு மருந்தை மாற்றிக் கொடுத்தால் இழப்பு உங்களுக்குத்தான்.

நான் வேலை செய்த காலத்தில் ஒரு இடத்தில் இருந்து துண்டு வந்தது, போத்தலைத் திறந்தால் போமலின் மணமே இல்லை. வெறும் சேலைன், உப்புத் தண்ணீர். ஒரு நாள் முழுக்கக் கிடந்து கலங்கள் அழுகிவிட்டன. அந்த அம்மாவுக்குத் திரும்பவும் ஊசி குத்த வேண்டியதாகிவிட்டது, அவ முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியோ மகரகமவோ, எங்கே மாற்றினாலும் ரிப்போட்டோடு அந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கட்டியைப் பங்குனி வெயிலில் பஸ் யன்னலோரம் வைக்க வேண்டாம், மெழுகு உருகும். எல்லாவற்றையும் போட்டோகொப்பி எடுத்து இன்னொரு வீட்டிலும் ஒன்று வையுங்கள். பைலைத் தொலைத்துவிட்டு நிற்பது எப்படி என்று வன்னியில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

கேள்வி: வயது 67. பி.எஸ்.ஏ. 7.2. சலம் அடைத்து ரியூப் போட்டு எடுத்த மறுநாள் பார்த்தது. புற்றா?
— கமக்காரர், விசுவமடு

பதில்: ஐயா, பி.எஸ்.ஏ. என்பது ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பியில் இருந்து இரத்தத்துக்கு வருகிற புரதம். அந்த நாளில் பார்த்ததே பிழை. ரியூப் போட்டாலும், சலத்தில் கிருமி இருந்தாலும், சும்மா சுரப்பி வீங்கினாலும் பி.எஸ்.ஏ. ஏறும். கிருமி இருந்தால் அது மாறி ஆறு கிழமை கழியட்டும், டொக்டரிடம் கேட்டுத் திரும்பப் பாருங்கள். அதற்கு முந்தின இரண்டு நாளும் வயலுக்குச் சைக்கிள் ஓட வேண்டாம். பினாஸ்டெரைட் (சுரப்பி வீக்கத்துக்குக் கொடுக்கிற) குளிசை போடுகிறீர்கள் என்றால் மறக்காமல் சொல்லுங்கள், அது மாதக்கணக்கில் போட்டால் அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

கேள்வி: வாய்ப் புற்றுக்கு இரத்தச் சோதனை இருக்கிறதா? அப்பா வெத்திலை விடமாட்டார்.
— முள்ளியவளை

பதில்: நம்பிச் செய்யக்கூடியது இல்லை. அப்பாவை வெளிச்சத்தில் இருத்தி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கன்ன உட்புறத்தில் வெள்ளையோ சிவப்போ படர்ந்திருந்தால், வாய் முந்தி மாதிரித் திறக்காவிட்டால், இரண்டு கிழமையில் ஆறாத புண் இருந்தால் பல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ‘புகையிலையை விட்டிட்டன், வெறும் பாக்குத்தான்’ என்பார். பாக்கும் சேர்த்திதான்.