வெள்ளைக்கண்ணி: கேள்வி பதில்

தங்கச்சிமடம்: அண்ணே, வீட்டு முருங்கையில் குட்டிக் குருவிகள் கூட்டமாக வந்தன. பச்சை முதுகு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். இலங்கையில் மட்டுமே இருக்கும் வெள்ளைக்கண்ணியா? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: இல்லை தம்பி, நம்ம ஊர் வெள்ளைக்கண்ணிதான். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதுகு மஞ்சள் கலந்த வெளிர்பச்சை, தொண்டை மஞ்சள், வயிறு சாம்பல் வெள்ளை. வளையம் பட்டையாக இருக்கிறது, அலகுப் பக்கம் மட்டும் மயிரிழை விட்டிருக்கிறது. இலங்கைக் குருவிக்கு முதுகு கரும்பச்சை, மஞ்சள் மார்பு வரை இறங்கும், வளையம் மெல்லிசு, முன்பக்க இடைவெளி நன்றாகத் தெரியும். உடம்பும் கொஞ்சம் பெரிசு. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி என்று இலங்கையின் மலைப்பக்கம் போனால் தாராளமாகப் பார்க்கலாம். 1872இல் அதற்குப் பெயர் வைத்த ஹோல்ட்ஸ்வொர்த், இலங்கைக்கு முத்துச்சிப்பி ஆராய வந்தவர். போனில் குருவியின் குரல் பதிவைப் போட்டு மட்டும் கூப்பிடாதீர்கள்.

தொண்டி: இந்த மஞ்சள் குருவியும் அதுவா?

பதில்: இறக்கையில் வெள்ளைக் கோடுகள், கண்வளையம் இல்லை. மாம்பழச்சிட்டு.

பாம்பன்: தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் சுமார் 30 கி.மீ.தான், நடுவில் மணல்திட்டு வேறு. இலங்கைக் குருவி பறந்து வராதா?

பதில்: நல்ல கேள்வி. தூரம் ஒரு தடையே இல்லை. ஆறுமணிக்குருவி வடக்கே இமயமலை அடிவாரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இலங்கை வரை போகிறது. வெள்ளைக்கண்ணிக்கே ஒரு பங்காளி, 1856 வாக்கில் ஆஸ்திரேலியப் பக்கமிருந்து கடல் தாண்டி நியூசிலாந்தில் குடியேறியது. இலங்கைக் குருவியோ குளிரும் ஈரமும் உள்ள மலைக்காட்டை விட்டு மன்னார்க் கரைக்கே இறங்குவதில்லை. தலைமன்னாரில் நீங்கள் பார்க்கப்போவதும் நம்ம வெள்ளைக்கண்ணியைத்தான்.

மண்டபம்: ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். பனியுகத்தில் கடல் வற்றி இரண்டு கரையும் ஒட்டித்தானே கிடந்தன? அப்போது நடந்தே வந்திருக்கலாம்.

பதில்: ஒட்டிக் கிடந்தது உண்மை. ஆனால் நடுவில் கிடந்தது தாழ்ந்த சமவெளி, மலை இல்லை. இந்தக் குருவிக்கு அந்த மலைதான் தீவு. கடல் இருந்தாலும் வற்றினாலும் அதன் எல்லை மாறாது. அந்தச் சமவெளியில் இரண்டு பக்கமும் போய்வர நம்ம வெள்ளைக்கண்ணிக்குத்தான் வசதி.

தேவிபட்டினம்: பூநாரை எப்போது வரும்?

பதில்: நான் சிறு குருவிகளோடு சரி. வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கீழக்கரை: குரல் போட்டால் கிட்ட வருமாமே?

பதில்: மேலேயே சொன்னேன், போடாதீர்கள். போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று கூட்டை விட்டுக் கிளம்பும். வெளிர்நீல முட்டை இரண்டு மூன்று கிடக்கும். காக்காய்க்கு ஒரு நிமிஷம் போதும்.

ஏர்வாடி: பச்சைக் குருவி, பூவரசில் எடுத்த படம். இலங்கையா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள் அம்மா. பூவரசு நிழலில் எந்தக் குருவியும் கரும்பச்சைதான். வெயிலை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்து, கண்வளையம் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்புங்கள். குரல் போடாமல்.