இரண்டாம் பாகத்தில் பயம் எங்கே போனது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இளையோருக்கான இருண்ட மாயக்கதை ஒன்றின் இரண்டாம் பாகத்தை எழுதி முடித்திருக்கிறேன். முதல் பாகத்தில், கானாடுகாத்தான் வீடொன்றின் பெல்ஜியம் கண்ணாடிக்குள் இருக்கும் கண்ணாடிக்காரியிடம் பதினாறு வயது உமையாள் தன் பெயரையே கொடுத்துத் தம்பியை மீட்கிறாள். தம்பி கண்ணாடியை உடைக்கிறான். இரண்டாம் பாகத்தில் மூன்று புதிய பூதங்கள் வருகின்றன. கண்ணாடிக்காரி கெட்டவளான முன்கதையும் உண்டு. படித்த தோழிகள் "பயமே வரலை" என்கிறார்கள். எங்கே சறுக்கியது?

மெ., காரைக்குடி

அன்புள்ள மெ.,

பிரதியைப் படித்தேன். முதலில் மூன்று பூதங்களையும் எடுத்துவிடுங்கள். பழைய கடன் தீராமல் கிடக்கும்போது புதிதாக யார் வந்து மிரட்டினாலும் எடுபடாது. உமையாள் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஆனால் உங்கள் இரண்டாம் பாகத்தில் ஆத்தாவும் அப்பச்சியும் அவளை வாய்நிறைய "உமையா" என்று கூப்பிடுகிறார்கள். பயம் அங்கேயே செத்துவிட்டது.

கதையை இரண்டு வருடம் தள்ளித் தொடங்குங்கள். உமையாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற கல்யாணப் பதிவை எழுதுவார்களே, அதுதான் முதல் அத்தியாயம். மாப்பிள்ளை பெயர் பதிகிறது. பெண்ணின் பெயர் எழுத எழுத மறைகிறது. பெயரில்லாத பெண்ணை வைத்துக் கோயில் கணக்கில் புதுக் குடும்பமாக, அதாவது புதுப் புள்ளியாக, எப்படிச் சேர்ப்பார்கள்? அலறல் வேண்டாம். எழுதுபவர் பேனாவை உதறிப் பார்ப்பதும், பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் போதும். நீங்கள் ஒன்பது பக்கத்துக்கு எழுதியிருக்கும் முன்கதைச் சுருக்கமும் இதிலேயே அடங்கிவிடும்.

அடுத்தது மாய விதி. முதல் பாகத்தில் ரசம் போகாத கண்ணாடியில் மட்டும்தான் கண்ணாடிக்காரி தெரிவாள். பதினோராம் அத்தியாயத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் பளபளப்பில் வருகிறாள். அப்படியானால் முதல் பாகத்திலேயே ஏன் தரை வழியாக வரவில்லை என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். ஆனால் அந்தத் தரையை விட்டுவிடாதீர்கள், அதில் நல்ல சரக்கு இருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள்; அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துவார்கள். கல்லுக்கு அந்த மினுமினுப்பைத் தருவதே அடியிலுள்ள கண்ணாடிதான். தம்பி உடைத்த கண்ணாடியின் பெரிய துண்டொன்று பழைய சாமானோடு கல் பட்டறைக்குப் போகட்டும். அதன்மேல் வார்த்த கற்களில் மட்டும் அவள் இருக்கட்டும். கல்யாணத்துக்காக, வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில் புதுக்கல் பதிக்கிறார்கள். விதி மீறப்படவில்லை, ஒரு படி நீள்கிறது. குற்றமும் தம்பி தலையில் விழுகிறது.

கண்ணாடிக்காரியின் முன்கதை வேண்டவே வேண்டாம். பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட தூங்கும் அழகி கதை, இளவரசி கண்விழிப்பதோடு முடியாது. பின்பாதியில் மாமியார் அரக்கி. அவள் சொத்துக்காகத்தான் மாமனாரான ராஜா அவளைக் கட்டிக்கொண்டாராம் (நம்மூர்ச் சம்பந்தம் போலவே). பேரப்பிள்ளைகளையும் மருமகளையும் சமைத்துப் போடச் சொல்கிறாள். சமையல்காரர் ஆட்டுக்குட்டி, வெள்ளாட்டுக்குட்டி, மான் என்று மாற்றி வைத்து ஏமாற்றுகிறார். பேரன் அழுகிற சத்தத்தில் குட்டு உடைகிறது. அரக்கர் குலம் என்பதற்குமேல் பெரோ எந்த நியாயமும் சொல்வதில்லை. எந்தக் குழம்போடு தின்பாள் என்பதை மட்டும் விடாமல் சொல்கிறார். உங்கள் ஆளும் அடுத்த பெயருக்குப் பசித்திருந்தால் போதும்.

நீங்கள் வீணடித்திருக்கும் ஆள் தம்பிதான். டார்ச் பிடிப்பதைத் தவிர அவனுக்கு வேலையே இல்லை. பேரம் நடந்தபோது கண்ணாடிக்குள் இருந்தவன், ஆகவே அக்கா பெயர் அவனுக்கு மட்டும் நினைவிருக்கட்டும். அதை ஒருமுறை சொன்னால் அவன் பெயரில் ஓர் எழுத்து போய்விடும். சொக்கலிங்கம்: ஏழு எழுத்து, ஏழே முறை. முதல் இரண்டையும் அற்பக் காரணத்துக்குச் செலவழிக்க விடுங்கள். ஐந்தாவதில் அப்பச்சிக்கு அவனையும் அடையாளம் தெரியாமல் போகட்டும்.

பதினான்காம் அத்தியாயத்து ஓட்டத்தையும் திருத்த வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்கட்டு வரை தெரியும். யார் கண்ணிலும் படாமல் உமையாள் நடுவாசல் வழியே கிணற்றடிக்கு ஓட முடியாது. வளவை ஒட்டிய அறைக்குள் புகுந்து, கதவுகளைச் சாத்தும் நேரம் வரை காத்திருக்கட்டும்.